எட்டுப் படுக்கை, நாற்பது பேர்

ஒரு பொம்மைப் பையனின் சட்டையை வைத்து நாற்பது பேரை ஒரே நேரத்தில் அழவைத்து, எட்டு டயாலிசிஸ் இயந்திரங்களை ஒன்றாக அலறவைத்து, மூன்று மாடி மருத்துவமனையை அரை மணி நேரம் அசையாமல் நிறுத்தியவன் நான். கையில் ஆயுதம் எதுவும் இல்லை. வெறும் குரல்தான்.

நம்ப மாட்டீர்கள். என் மைத்துனரும் நம்ப மாட்டார். ஞாயிறு தவறாமல் என்னோடு கேரம் ஆட வருகிற மனிதர், இந்தக் கதையை நான் எடுத்தாலே ஸ்ட்ரைக்கரைப் பலகையில் தட்டி, "எட்டு படுக்கை இருக்கிற ரூம்ல நாப்பது பேர் எங்க அத்தான் நின்னாங்க? ஃபேன்ல தொங்கினாங்களா?" என்பார். காப்பீட்டு அலுவலகத்தில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். செத்தவனே நேரில் வந்து நின்றாலும் சான்றிதழ் கேட்பார்.

முப்பத்துநான்கு வருஷம் நான் ரயில் நிலைய அறிவிப்பாளர். என் குரலைக் கேட்டு, புறப்பட்டுப் போன வண்டி எதையோ மறந்தது போலப் பின்னால் வந்திருக்கிறது. புறாக்கள் நடைமேடை மாறி உட்கார்ந்திருக்கின்றன. அந்த வேலையில் எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வண்டி ரத்தாகிவிட்டது என்று தெரிந்தாலும் 'ரத்து' என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டோம். மேலிடத்துக் கையெழுத்து வரும்வரை 'தாமதம்' என்போம். ஒரு மணி நேரம் தாமதம், அப்புறம் இரண்டு, அப்புறம் நான்கு. மூட்டையின் மேல் உட்கார்ந்து காத்திருப்பவர்களின் முகம் எங்களுக்குத் தெரியாது. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது.

என் மனைவி சீருடைத் தொழிற்சாலையில் கட்டிங் மாஸ்டர். ஆளைப் பார்த்தாலே அளவு சொல்லிவிடுவாள். நாடாவை எடுப்பதெல்லாம் மரியாதைக்கு. அவள் தம்பி, அதாவது என் மைத்துனர், பள்ளிக்கூடம் போன நாளிலிருந்து மேலாளர் நாற்காலியில் உட்காரும் வரை அவர் போட்ட சட்டை எல்லாம் அவள் வெட்டியதுதான். அவருக்கு இடது தோள் கால் அங்குலம் இறக்கம். அது அவருடைய முகம் பார்க்கும் கண்ணாடிக்குக்கூடத் தெரியாது. அவ்வளவு நேர்த்தியாக மறைத்து வெட்டியிருந்தாள்.

வேலையிலிருந்து நின்ற வருஷம், டிவியில் சேனல் மாற்றிக்கொண்டு போனவள் ஓர் இடத்தில் நின்றுவிட்டாள். ஒரு பெண் படகில் நின்றுகொண்டிருந்தாள். வரைந்த பெண், வரைந்த படகு.

"இங்க பாருங்க, அந்தக் கோட்டு மடிப்ப. முழங்கையில ரெண்டு, அக்குள்ல ஒண்ணு. காத்து இடது பக்கத்துலேர்ந்து வருது. வரைஞ்சவனுக்குத் துணி தெரிஞ்சிருக்கு."

"பொம்மைப்படத்துல என்னடி காத்து?"

"அனிமேன்னு சொல்லுங்க."

அன்று பிடித்தது. தண்ணீரில் மூழ்கிப்போன ஓர் ஊரின் மேல் படகு ஓட்டிக்கொண்டு, தொலைந்துபோன தம்பியைத் தேடுகிறாள் அந்தப் படகுக்காரி. மொத்தம் நூற்றைம்பத்தாறு பகுதிகள். வாரத்துக்கு ஒன்றுதான் வரும். தண்ணீர் கொண்டுபோனவர்களும் அதில் நடமாடுவார்கள், பேசுவார்கள், சிரிப்பார்கள். ஒரே வித்தியாசம், காற்றடித்தால் அவர்கள் உடுப்பு மட்டும் அசையாது. படம் இதை இருபதாவது பகுதியில்தான் சொன்னது. என் மனைவி மூன்றாவதிலேயே கண்டுபிடித்துவிட்டாள். அந்த வெற்றியை யாரிடம் சொல்வது? என்னிடம் சொன்னாள். நான் செய்தித்தாளை விரித்து முகத்தை மூடிக்கொண்டேன்.

ஒரு ஞாயிறு, மைத்துனர் குடும்பத்தோடு வந்திருந்தார். படகுக்காரியோடு இருந்த கிழட்டு நாய் அன்றைய பகுதியில் இறந்துபோனது. என் மனைவி ஹாலில் எல்லார் எதிரிலும் தேம்பித் தேம்பி அழுதாள். நான் சும்மா இருந்திருக்கலாம். வாய் இருக்கிறதே.

"பயணிகளின் கனிவான கவனத்திற்கு," என்று தொண்டையைச் சரிசெய்துகொண்டு ஆரம்பித்தேன். "அறுபது வயதுக் குழந்தை ஒன்று ஹாலில் அழுதுகொண்டிருக்கிறது. பெற்றோர் எங்கிருந்தாலும் உடனே வந்து அழைத்துச் செல்லவும்."

வீடே சிரித்தது. மைத்துனருக்குப் புரையேறியது. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு டிவியை அணைத்தாள். அதன்பிறகு சமையலறையில் உட்கார்ந்து, காதில் இயர்போன் செருகிக்கொண்டு கைபேசியில்தான் பார்த்தாள். அதன்பிறகு என் எதிரில் அவள் அழவும் இல்லை. பிற்பாடு டாக்டர் அவளை உட்காரவைத்து இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன என்று சொன்னபோதுகூட, "சரிங்க டாக்டர், எத்தனை மணிக்கு வரணும்?" என்றுதான் கேட்டாள்.

மைத்துனர் பங்குக்கும் ஒன்று உண்டு. அவர் வீட்டு விருந்துக்கு அலுவலகப் பெரியவர்கள் வந்திருந்தார்கள். இவள் கைப்பையில் படகுக்காரி பொம்மை வைத்த சாவிக்கொத்து ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. கட்டைவிரல் உயரம். அதற்குத் தானே வெட்டித் தைத்த குட்டிக் கோட்டு ஒன்றையும் போட்டுவிட்டிருந்தாள்.

"அக்கா, அத கழட்டி உள்ள வச்சுக்க. பெரிய மனுஷங்க வர்ற இடம். அக்காவுக்குப் புத்தி பிசகிடுச்சான்னு கேட்பாங்க."

கழற்றினாள். பைக்குள் வைத்தாள். சாப்பிட்டாள். எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு வந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் படி ஏறவில்லை. அவரும் இங்கே வரவில்லை. மூன்று வருஷம். நடுவில் நான் இருந்தேன், இரண்டு பக்கமும் 'தாமதம், தாமதம்' என்று சொல்லிக்கொண்டு.

சர்க்கரை முதலில் சிறுநீரகத்தைத் தின்றது, அப்புறம் கண்ணை. வாரத்துக்கு மூன்று நாள், நாளுக்கு நான்கு மணி நேரம், கையில் இரண்டு ஊசியோடு அந்த எட்டுப் படுக்கை அறையில் கிடப்பாள். ஊசி குத்திய கையை மடக்கக் கூடாது. மடக்கினால் குழாய் நெரிந்து இயந்திரம் கத்தும். அது தெரியாமல் மூக்கைச் சொறிந்தவர்கள் எல்லாம் அங்கே திட்டு வாங்கியிருக்கிறார்கள்.

ஒரு செவ்வாய்க்கிழமை பார்த்தேன். மறு கையில் கைபேசியை மூக்கருகே பிடித்துக்கொண்டிருந்தாள். திரையில் படகு ஓடியது. அவள் பார்வை வேறெங்கோ இருந்தது. வெளிச்சமும் நிழலும்தான் அப்போது அவளுக்குத் தெரியும். பேச்சு ஜப்பானியம், கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படிக்கக் கண் இல்லை.

"என்னத்த புரியுது உனக்கு?"

"குரல் புரியுது," என்றாள்.

கைபேசியை வாங்கினேன். காதில் இருந்ததைப் பிடுங்கினேன். கீழே ஓடிய எழுத்தைத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். மெதுவாகப் பேச எனக்கு வராது. எட்டாவது நடைமேடை வரை போய்ப் பழகிய குரல்.

"என்னங்க, வேண்டாம்," என்று என் கையைப் பிடித்தாள். "சிரிப்பாங்க."

சிரித்தார்கள். அடுத்த படுக்கையில் ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி அம்மாள். நான் வைத்த பெயர் பாஸ்புக். "சின்னப் பிள்ளைங்க பாக்கறத இங்க வந்து கத்திட்டிருக்கார். ரெண்டு பேருக்கும் வயசு என்ன ஆகுது?" என்று டெக்னீஷியன் பெண்ணைக் கூப்பிட்டாள். எதிர்ப் படுக்கை லாரி டிரைவர், இருமினால் தெருவே வழிவிடும், அவர் பெயர் ஏர்ஹாரன். "விடுங்கம்மா, தூக்கம் வருதான்னு பாப்போம்," என்றார்.

டெக்னீஷியன் பெண் வந்தாள். திட்டத்தான் வந்தாள் என்று நினைத்தேன். கழுத்தில் தொங்கிய அடையாள அட்டையைத் திருப்பிக் காட்டினாள். பின்பக்கம் படகுக்காரி ஸ்டிக்கர்.

"பெரிய டாக்டர் பாத்தா கிண்டல் பண்ணுவார் சார், அதான் பின்னாடி," என்றாள். "நானே இன்னும் நூத்திப் பத்துதான் பாத்திருக்கேன். சத்தமாவே படிங்க."

என் மனைவி அந்த அட்டையை வாங்கி விரலால் தடவிப் பார்த்தாள். நேரம் போவது தெரியாமல் தடவிக்கொண்டிருந்தாள்.

நாற்பது பகுதிகள் மிச்சம் இருந்தன. இரண்டாவது வாரம் ஏர்ஹாரன், "அந்தப் பையன் கிடைச்சானா இல்லையா?" என்றார். மூன்றாவது வாரம் நான் ஐந்து நிமிஷம் பிந்திப் போனதற்குப் பாஸ்புக் என்னைக் கேட்ட கேள்வியை என் நிலைய மேலாளர்கூடக் கேட்டதில்லை. நான் கப்பல் குரல், நாய் குரல், கடல் குரல் எல்லாம் கொடுத்தேன். என் புயல் குரலுக்கு மேல்மாடியில் ஜன்னல் சாத்தினார்கள் என்றால் பாருங்கள்.

அவள் உடம்பு இறங்கிக்கொண்டே வந்தது. ஊசி குத்த நரம்பு கிடைக்கவில்லை. எனக்குத் தெரிந்தது, டாக்டருக்குத் தெரிந்தது, அவளுக்கு எல்லாருக்கும் முன்னாலேயே தெரிந்தது. "முடிவக் கேட்டுட்டாப் போதும்," என்பாள். "தம்பி வர்றானா இல்லையான்னு மட்டும் தெரியணும்."

கடைசிப் பகுதி ஒரு வியாழக்கிழமை. எட்டுப் படுக்கையும் விழித்திருந்தன. படகுக்காரி கலங்கரை விளக்கத்தின் படிகளில் ஏறுகிறாள். உச்சியில் தம்பி நிற்கிறான். "அக்கா" என்கிறான், சிரிக்கிறான். "என்னால வர முடியாது. நீ போ" என்கிறான்.

எழுத்து திரையில் நிற்கிறது. நான் பார்த்துவிட்டேன். வாய் தானாகச் சொன்னது: "கொஞ்சம் நேரம் ஆகும் அக்கா, நீ முன்னால போ, பின்னாலயே வந்துடறேன்."

முப்பத்துநான்கு வருஷப் பழக்கம். ரத்தைத் தாமதம் என்று சொல்லிவிட்டேன்.

டெக்னீஷியன் பெண் என் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். என் மனைவிதான் தலையைத் திருப்பினாள்.

"அங்க காத்து அடிக்குதா?"

"அடிக்குது. அவ கோட்டு பறக்குது."

"அவன் சட்டை அசையுதா?"

நான் திரையைப் பார்த்தேன். இந்த முறை எனக்கு ஜன்னல் இருந்தது; மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தவள் என் எதிரில் இருந்தாள்.

"சொல்லுங்க. அசையுதா?"

"இல்லம்மா," என்றேன். "அசையல. அவன் வர மாட்டான். போன்னு சொல்றான்."

அப்புறம் மிச்சத்தை உள்ளது உள்ளபடி படித்தேன். படகுக்காரி தன் கோட்டைக் கழற்றித் தம்பிக்குப் போர்த்துகிறாள். அதுவரை பறந்துகொண்டிருந்த கோட்டு அவன் மேல் விழுந்ததும் அப்படியே நின்றுவிடுகிறது. பொத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுவிட்டு இறங்கி வருகிறாள். அவ்வளவுதான் கதை.

முதலில் ஏர்ஹாரனின் இயந்திரம் கத்தியது. கண்ணைத் துடைக்கக் கையை மடக்கிவிட்டார். அடுத்தது பாஸ்புக். ஒன்று, இரண்டு, ஐந்து, ஏழு. டெக்னீஷியன் பெண் எதை முதலில் நிறுத்துவது என்று தெரியாமல், தானும் அழுதுகொண்டு ஓடினாள். எட்டாவதாகக் கத்தியது என் மனைவியுடையது. என் எதிரில் அவள் அழுதாள். அறிவிப்பு எதுவும் செய்யாமல் அவள் கையை நேராக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் முகத்தை நான்தான் துடைத்தேன்.

பதினொரு நாள் கழித்து அவள் போய்விட்டாள். இதில் மிகைப்படுத்த ஒன்றும் இல்லை. சடங்குக்கு வந்த மைத்துனர் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை; பிறகு ஒரு ஞாயிறு, கேரம் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து நின்றார்.

போன ஞாயிறு ஹால் மின்விசிறியைக் கழற்ற எலக்ட்ரீஷியன் வந்திருந்தார். ஏணியில் நின்றபடி, டிவி மேல் தொங்கும் சாவிக்கொத்தைக் காட்டி யாருடையது என்று கேட்டார். கேட்பாரா ஒருவர்? முழுக் கதையையும் அவிழ்த்துவிட்டேன். நாற்பது பேர், மூன்று மாடி, ஒன்றும் குறைக்கவில்லை.

"நம்பாதீங்க," என்றார் மைத்துனர், காய்களை அடுக்கியபடி. "ரயிலயே ரிவர்ஸ்ல வர வச்சவரு."

எலக்ட்ரீஷியன் சிரித்தார். "எங்க வீட்லயும் ஒருத்தி இருக்கா சார். என் பொண்ணு. இருபத்தெட்டு வயசு, வேலைக்குப் போறா. வந்தா இதே பொம்மைதான். மானம் போகுதுன்னு அவ படம் எல்லாத்தையும் சுவத்துலேர்ந்து கிழிச்சுப் போட்டேன். பத்து நாளா பேச மாட்டேங்கறா."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இந்தக் கதையில் ஒரு துண்டை நான் எப்போதும் விட்டுவிடுவேன். அதில் சிரிக்க இடம் இல்லை. அன்று சொன்னேன்.

"இயந்திரம் எல்லாம் கத்தி அடங்கினப்புறம் அவ கதவுப் பக்கம் பாத்தா. மங்கல் கண்ணாடிக் கதவு, வெளிய வெளிச்சம். யாரு நிக்கிறாங்கன்னு கேட்டா. நான் திரும்பறதுக்குள்ள யாரும் இல்ல. யாரும் இல்லம்மான்னேன். 'இல்ல, ஒரு ஆள் நின்னார். இடது தோள் கால் அங்குலம் இறக்கம். கடைச் சட்டை போல, தோள்ல சரியா உக்காரல'ன்னா. அப்புறம், 'வந்தா உக்காரச் சொல்லுங்க'ன்னா. நான், கதையும் நிஜமும் கலந்து போச்சு பாவம்னு நெனச்சுக்கிட்டேன்."

ஏணி அசையவில்லை. மைத்துனர் அடுக்கிய காய்களையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கை தானாக இடது தோளுக்குப் போனது.

"ஆரஞ்சு வாங்கிட்டுப் போயிருந்தேன்," என்றார். "கதவத் தள்ளப் போனேன். நீங்க படிச்சிட்டிருந்தீங்க. முடியட்டும்னு நின்னேன்."

ஸ்ட்ரைக்கரை எடுத்துப் பலகையின் நடுவில் வைத்தார்.

"நாப்பது இல்ல அத்தான். படுக்கையில எட்டு, அந்தப் பொண்ணு, நீங்க. கதவுக்கு வெளிய ஒருத்தன். பதினோரு பேர். எட்டு மிஷினும் கத்துச்சு. நான் கேட்டேன்."