சீதன வீட்டில் ஒரு வாரம் இலவசம்

"மாமி, கண்ணாடியப் போட்டுக்கிட்டு பாருங்க. சர்ப்ரைஸ்!" என்று கைப்பேசிப் படங்களைத் தொலைக்காட்சியில் ஏற்றினான் சிவகணேசன்.

அன்னபாக்கியத்தின் தம்பி மகன் அவன். மலேசியாவின் ஜோகூர் பாருவிலிருந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போய்வருகிறவன். மனைவி விஜிதாவோடு யாழ்ப்பாணம் போய்விட்டு நேரே குளுவாங்குக்கு, மாமி வீட்டுக்கு வந்திருந்தான். அனுப்பியது மாமிதான். யாழ்ப்பாணக் கடலோரத்து அவள் வீட்டைப் போர்க்காலத்தில் ஆமி, அதாவது இலங்கை ராணுவம், பிடித்தது. போர் முடிந்தும் விடவில்லை. எப்போது விடுவார்கள் என்று கேட்டுவர வேண்டும், அவ்வளவுதான்.

திரையில் நீச்சல்குளம் தெரிந்தது. குடைகள். ஒட்ட வெட்டிய முடியோடு பரிமாறுகிற பையன்கள்.

"இதென்ன, ஹோட்டலே?"

"ஆமி நடத்துற ரிசார்ட். நம்ம வீடுதான் மாமி! எப்படி வச்சிருக்காங்க பாத்தீங்களா?"

"அடுத்ததுல லைட்டிங் பாருங்க மாமி," என்றாள் விஜிதா.

சுவரில் வரிசையாக மூன்று விளக்கு மாடங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு சாராயப் போத்தல், பின்னால் ஊதா வெளிச்சம். முன்னால் சிரித்தபடி விஜிதா, கையில் கிளாஸ்.

அன்னபாக்கியம் எழுந்து திரைக்குக் கிட்டப் போனாள். "அது சாமியறையடி."

விஜிதாவின் சிரிப்பு போய்விட்டது. "யாரும் சொல்லல மாமி..."

"போகட்டும். எப்ப விடுவாங்களாம்?"

"முதல்ல கச்சேரிக்கு, அந்த மாவட்ட ஆபீசுக்குப் போனோம். அரசாங்க ஆபீசர் கைய விரிச்சிட்டார். ஆமிகிட்ட கேளுங்கன்னார்," என்றான் சிவகணேசன். "அங்க மேஜர் டீ குடுத்து, தமிழ்லயே பேசினார் லா. நான்தான் இந்தக் குடும்பத்து ஆம்பளன்னு சொன்னேன். எங்களுக்கு ஆட்சேபம் இல்ல, வச்சுக்குங்கன்னுட்டேன். பதிலுக்கு வருஷத்துல ஒரு வாரம் நமக்கு ஃப்ரீ ரூம்! காலைப் பசியாறலோட!"

"ஆரின்ர வீட்டை ஆர் குடுத்தது?"

"மாமி..."

"கொப்பருக்கே, என்ர தம்பிக்கே, அதில ஒரு கல்லு இல்லையடா! ஐயா எனக்குச் சீதனமா எழுதின வீடு. எங்கட சனத்தில வீடு பொம்பிளைப் பிள்ளைக்கு. அதுகூடத் தெரியாத நீ குடும்பத்து ஆம்பிளையோ? நாளைக்கு உன்ர வீட்டில ஆமி வந்து படுத்துக்கொண்டு, வருசத்தில ஒரு கிழமை நீயும் வந்து போ எண்டா, தலையாட்டுவியோ?"

"அலமாக், மாமி! இங்க எப்படி அதெல்லாம் நடக்கும்?"

"அங்க மட்டும் எப்படியடா நடக்கும்? எடு போனை. அவனைக் கூப்பிடு."

மேஜரின் குரல் இனிமையாக வந்தது. "வணக்கம் அம்மா! நீங்க கட்டாயம் எங்க விருந்தாளியா வரணும்."

"நான் வீட்டுக்காரி, தம்பி. விருந்தாளி நீர்தான். ஆரும் கூப்பிடாமல் வந்து, முப்பது வருசத்துக்கு மேலாப் போகாமல் இருக்கிற விருந்தாளி. எப்ப வெளிக்கிடுறீர்?"

"மேலிடத்து உத்தரவு அம்மா."

"மேலிடமெண்டா, கச்சேரியோ?"

"கச்சேரி எங்களத்தான் கேக்கும்."

"அப்ப நீதிமன்றம்?"

"இது ராணுவ வலயம் அம்மா. இங்க எல்லாம் நாங்கதான்."

குரலில் மரியாதை துளியும் குறையவில்லை. அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. அதட்டியிருந்தால்கூடப் பொறுத்திருப்பாள்.

"என்ர மருமோன் சொன்ன சொல்லுச் செல்லாது. வீடு என்ர. நான் தரமாட்டன். விளங்கிச்சோ?"

"கோபப்படாதீங்க அம்மா. ஒரு தரம் வாங்க. கடல் பாக்கிற ரூம் தாறோம்."

"வாறன்," என்று கைப்பேசியைச் சிவகணேசனின் மடியில் எறிந்தாள். "டிக்கெட் போடு."

"உங்க முழங்கால் மாமி?"

"அதுவும் என்னோட வரும்."

"சரி, ரூமுக்குச் சொல்லி..." சொன்னவன் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"ரூமும் வேண்டாம், அவங்கட தேத்தண்ணியும் வேண்டாம். என்ர வீட்டு வாசல் படலையில பாய் போட்டுப் படுக்கப்போறன். வாற போற வெள்ளைக்காரன் எல்லாம் என்னைத் தாண்டித்தான் குளிக்கப் போகவேணும். நீயும் வாறாய். குடும்பத்து ஆம்பிளையெல்லே? உள்ளுக்குப் போய் அந்தப் பாயைத் தூக்கிக்கொண்டு வா."