தேயாத டயர்

டயரைப் பற்றி மருதமுத்துவிடம் வாயைக் கொடுத்தால் அன்றைக்கு வேறு வேலை நடக்காது. நெய்வேலி இரண்டாம் சுரங்கத்து ஒர்க்‌ஷாப்பில், டம்பர் லாரிகளுக்கு டயர் மாற்றுகிற இடத்தில் இருபத்தெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். அங்கே ஒரு டயரைத் தரையில் நிறுத்தினால் ஆளை விட உயரமாக நிற்கும். சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, வருகிற சத்தத்தை வைத்தே உள்ளே கம்பி விட்டிருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். என்ஜினியர்கள்கூட அவர் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுவார்கள். மனுஷனுக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. இருக்காதா பின்னே?

இப்பேர்ப்பட்டவருடைய சொந்த ஆல்ட்டோ காரில் நாலு டயரும் மொழுமொழுவென்று வழுக்கை விழுந்து கிடந்தன. வீல்களில் இரண்டு துருப்பிடித்து விளிம்பு நெளிந்துவிட்டது. குவார்ட்டர்ஸிலிருந்து கடைத்தெருவுக்கும் கோயிலுக்கும் போய்வரும் வண்டிக்கு அது போதும் என்று இத்தனை நாள் ஓட்டிவிட்டார். 2014 ஏப்ரலில்தான் அது போதாமல் போயிற்று.

திருச்சியில் கட்டிக்கொடுத்த ஒரே மகள் அருள்மொழிக்கு வெள்ளிக்கிழமை வளைகாப்பு. ஏற்கெனவே இரண்டு தடவை மூன்றாம் மாதத்தைத் தாண்டாமல் கலைந்துபோய், அந்தப் பெண்ணும் தாயும் அழுது தீர்த்த பிறகு நின்ற கரு இது. வளைகாப்பு முடிந்ததும் பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு அழைத்து வரவேண்டும். “கார்ல கூட்டிட்டுப் போங்க, ஆனா குலுங்கக் கூடாது, அவசரப்படக் கூடாது” என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். ஒரு வாடகைக் கார் பிடித்துக்கொள்ளலாமே என்றாள் மனைவி சுப்புலட்சுமி.

“எவனோ ஒருத்தன் கையில எம் புள்ளைய விடுவனா? நான்தான் ஓட்டியாருவேன்” என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார் மருதமுத்து.

டயருக்கென்று அவர் எடுத்து வைத்திருந்தது எட்டாயிரம் ரூபாய். நாலு புது டயரும் இரண்டு புது வீலும் அதற்குள் அடங்காது. என்ன செய்யலாம் என்று யோசித்துக்கொண்டிருந்தபோதுதான் ஞாயிற்றுக்கிழமை குஞ்சிதபாதம் வீடு காலி செய்கிற சேதி வந்தது.

டவுன்ஷிப்பில் இது ஒரு வழக்கம். ஒருவர் ரிட்டயர் ஆனால் குவார்ட்டர்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு ஊரைப் பார்க்கப் போகவேண்டும். போவதற்கு முன் கட்டில், பீரோ, ஏர்கூலர், துளசித் தொட்டி வரைக்கும் வாசலில் எடுத்து வைத்துவிடுவார்கள். பிளாக்கே திரண்டு வந்து வாங்கிப் போகும். சிதம்பரத்துக்குக் கிளம்பிய குஞ்சிதபாதத்தின் வீட்டில் மருதமுத்துவின் கண் நேரே ஸ்டோர் ரூமுக்குப் போனது. அங்கே சாக்கு போர்த்திய நாலு வீல், டயரோடு, அம்சமாக அடுக்கி வைத்திருந்தது.

“நான் ஆல்ட்டோ வாங்கின புதுசுல அலாய் வீல் மாட்டினேனே, அப்போ கழட்டி வெச்சது. ஐநூறு கிலோமீட்டர் ஓடியிருக்காது. வண்டி பையன்கிட்ட பெங்களூர் போயிடுச்சு. இது இங்கேயே தங்கிடுச்சு” என்றார் குஞ்சிதபாதம். அவர் பொய் சொல்லவில்லை. சொல்லத் தெரிந்த ஆளுமில்லை.

மருதமுத்து சாக்கை விலக்கிப் பார்த்தார். டயரில் தரையைப் பிடிக்கிற மேடு, பட்டன் என்பார்களே, அது ஒன்றுகூடத் தேயவில்லை. புது டயரில் மீசை மாதிரி நீட்டிக்கொண்டிருக்குமே ரப்பர் முடி, அதுகூட அங்கங்கே உதிராமல் இருந்தது. வீட்டுக்கு ஓடிப்போய்ச் சுத்தியலை எடுத்து வந்து நாலையும் தட்டிப் பார்த்தார். சத்தம் கணீரென்று வந்தது. மூவாயிரத்து ஐநூறுக்குப் பேசி முடித்து, நாலையும் காரில் திணித்துக்கொண்டு வந்தவர், ராத்திரி சாப்பிடும்போது சுப்புலட்சுமியிடம் அந்தப் பெருமையை மூன்று தடவை சொன்னார்.

மறுநாள் முதல் ஷிப்ட் முடிந்து இரண்டரை மணி வெயிலில் வடக்குத்து ரோட்டில் இருக்கும் பிரபாவதியின் டயர் கடைக்குப் போனார். பிரபாவதி அந்தப் பக்கத்துக்காரி. அவளுடைய அப்பனும் தாத்தனும் ஊரார் முந்திரித் தோப்பில் களை வெட்டியவர்கள். அவள் கடலூரில் ஒரு டயர் ஏஜென்சியில் பில் போடப் போய், எட்டு வருஷத்தில் பில்லைத் தவிர மற்ற எல்லாவற்றையும் கற்றுக்கொண்டு வந்து இந்தக் கடையைப் போட்டிருந்தாள். ஒரு பொம்பளை டயர் கழட்டுவதா என்று சிரித்தவர்களில் மருதமுத்துவும் ஒருவர். கடை பக்கத்தில் இருக்கிறது என்பதால் வந்தாரே ஒழிய அவள்மேல் வேறு மரியாதை எதுவும் இல்லை.

“நாலையும் மாட்டிக் குடும்மா. காத்து மட்டும் சரியா வை” என்றார்.

அவள் குனிந்து ஒரு டயரைத் திருப்பினாள். ஓரத்தில் எதையோ தேடி, துணியால் துடைத்துப் பார்த்தாள். இரண்டாவதையும் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

“இத மாட்ட மாட்டேன் சார்.”

“ஏன்?”

“இந்த நாலு எண்ணப் பாருங்க. முப்பத்தொண்ணு, சைபர் மூணு. ரெண்டாயிரத்து மூணாம் வருசம் முப்பத்தோராவது வாரம் செஞ்சது. பதினோரு வருசம் ஆவப் போவுது. ரப்பர் செத்துப் போச்சு சார்.”

மருதமுத்துவுக்குச் சுருக்கென்றது. கோபம் வந்தால் அவர் வாயில் இருபத்தெட்டு வருஷத்து நெய்வேலி ஓடிப்போய்ச் சொந்த ஊரான அருப்புக்கோட்டை வந்து உட்கார்ந்துகொள்ளும்.

“என்னம்மா பேசுறீக? டயருக்கு ஏது வயசு? பட்டனைப் பாருங்க, மீசை முளைச்சு நிக்கிது! நீங்க பொறக்கும்போதே நான் டயரைத் தட்டிக்கிட்டு இருந்தவன்.”

“கோச்சுக்காதீங்க சார். நீங்க பெரிய டயரு பாத்தவரு. ஆனா இது சும்மா வெச்சிகினே இருந்த டயரு. ஓடாத டயருதான் சீக்கிரம் கெடும்.”

“புது டயர் விக்கணும்னா நேரா சொல்லுங்க. எதுக்குச் சுத்தி வளைக்கிறீக?”

பிரபாவதியின் முகம் மாறியது. ஆனாலும் குரலை உயர்த்தவில்லை.

“மாட்டுறதுக்கு நானூறு ரூவா கூலி வரும். வேணாம்னு சொல்றேன். மூணு வருசம் முன்னாடி இதே மாரி ஒருத்தர் கொண்டாந்தாரு. எனக்கு என்னா போச்சுன்னு வாய மூடிக்கினு மாட்டிக் குடுத்தேன். உளுந்தூர்பேட்டைகிட்ட வெடிச்சி அவரு வூட்டம்மாவுக்கு இடுப்பு போச்சு. இன்னும் படுக்கையில கீறாங்க. அதுக்கப்பறம் நான் மாட்டறதில்ல.”

மருதமுத்து அடங்குகிற ஆளா? “சரி, ஒண்ணுல காத்தடிங்க. வெயில்ல வைங்க. ஒரு டீ குடிச்சிட்டு வர்றேன். ஒண்ணும் ஆகலைன்னா நாலையும் மாட்டித் தரணும்” என்றார்.

“அடிக்கிறேன். ரோட்டுல ஓடறப்ப சூட்டுல காத்து ஏறுமில்ல, அந்த அளவுக்கு வெக்கிறேன்” என்றாள் அவள்.

சுரங்கத்தில் டம்பர் டயருக்குக் காற்றடிப்பது இரும்புக் கூண்டுக்குள் வைத்துத்தான். அந்தப் பழக்கத்தில் மருதமுத்துவே வீலை உருட்டிக்கொண்டு போய், கடைக்குப் பின்னால் இருந்த மணல் மூட்டைகளுக்கு அந்தப் பக்கம் சாய்த்து வைத்தார். அவர் பேச்சை விட அவர் கைக்குப் புத்தி அதிகம் இருந்தது அன்றைக்கு. பிரபாவதி நீளமான குழாயை மாட்டிக் காற்றை அடித்துவிட்டுத் தள்ளி வந்தாள்.

எதிர்க்கடையிலிருந்து டீ வந்து, பாதி குடித்திருப்பார். கடையின் பின்வாசலில் நின்று எட்டிப் பார்த்தபோது டயரின் பக்கவாட்டில் முடி மாதிரி ஒரு கோடு தெரிந்தது. அது ஒன்றாகி, பத்தாகி, சுட்ட முந்திரிக்கொட்டை மாதிரி வாய் பிளந்தது. உள்ளே இருந்த டியூப் அந்தப் பிளவு வழியாகப் புடைத்துக்கொண்டு வந்தது. அடுத்த நொடி படீரென்ற சத்தம். மேல் மூட்டை கிழிந்து மணல் கொட்டியது. ரோட்டில் போன பஸ் ஒரு கணம் நின்று, பிறகு போயிற்று.

மருதமுத்து கையில் டம்ளரோடு நின்றார். டீ ஆறிக்கொண்டிருந்தது. விருத்தாசலம் தாண்டி, பெரம்பலூர் ரோட்டில், பின் சீட்டில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அருள்மொழி. அதற்கு மேல் அவரால் நினைக்க முடியவில்லை. கடை வாசலில் கிடந்த ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. சுரங்கத்தில் ஒரு டம்பர் டயர் ஒரு வருஷம் தாங்கினால் பெரிய விஷயம். கல்லிலும் சேற்றிலும் தேய்ந்து, கிழிந்து, அறுந்துதான் சாகும். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பார்த்த ஆயிரக்கணக்கான டயர்களில் ஒன்றுகூட வயதாகிச் செத்ததில்லை. அதனால் அந்த எண்ணைத் திரும்பிப் பார்க்கிற வேலையே அவருக்கு வந்ததில்லை. தெரிந்ததை வைத்துக்கொண்டு தெரியாததிலும் கால் வைத்துவிட்டார், அவ்வளவுதான். இது குஞ்சிதபாதத்துக்கும் தெரியாது. அவர் கணக்கு எழுதிய மனிதர்.

“எம் பொண்ணு மாசமா இருக்காம்மா. ரெண்டு தங்கல. இது மூணாவது. அவளை இதுல வெச்சுக் கூட்டியாரத்தான்...” என்றார். “நீங்க நல்லா இருக்கணும் தாயி.”

பிரபாவதி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை நின்றாள். பிறகு மறுபடி கடைக்காரியாகிவிட்டாள்.

“வீலு நாலும் நல்லாத்தான் கீது சார், துரு இல்ல. அது உங்களுக்கு லாபம். டயரு மட்டும் பாத்தா போதும். பழசு மேல புது ரப்பர் ஒட்டின ரீட்ரேட் வாங்கலாம், விலை கம்மி. ஆனா இந்த வெயில்ல, புள்ளத்தாச்சிய வெச்சிகினு வேணாம். அகலமா போட்டா பாக்க எடுப்பா இருக்கும், பெட்ரோல் குடிக்கும், திருப்பறப்ப உரசும். கம்பெனி சொன்ன அளவையே போடுங்க.”

“அதுக்குத்தான் பணம் எட்டலையே.”

அவள் உள்ளே போய் நாலு டயரை ஒவ்வொன்றாக உருட்டி வந்தாள். வடலூர் டாக்டர் ஒருவர் புது ஆல்ட்டோ எடுத்த மறுவாரமே அலாய் வீலும் அகல டயரும் மாட்டிக்கொண்டு, கம்பெனி டயரை இவளிடமே விற்றுவிட்டுப் போயிருந்தார். மருதமுத்து இந்தத் தடவை பட்டனைப் பார்க்கவில்லை. மண்டியிட்டு, விரலால் தடவி எண்ணைத் தேடினார். சைபர் நாலு, பதினாலு. செய்து மூன்று மாதம்கூட ஆகவில்லை.

“கையில எவ்ளோ கீது?”

“நாலரை.”

“எனக்கு நாலாயிரத்துக்கு வந்தது. நாலரையே குடுங்க, மாட்டறதும் அதுலயே. ஸ்டெப்னிக்கு உங்க பழசுல கொஞ்சம் நல்லா கீறத வெச்சிக்கலாம்.”

வெள்ளிக்கிழமை வளைகாப்பு நன்றாக நடந்தது. சனிக்கிழமை விடியற்காலையில் கிளம்பி, ஐம்பதைத் தாண்டாமல், மகளைக் கூட்டி வந்தார் மருதமுத்து. அருள்மொழி கை நிறையக் கண்ணாடி வளையலோடு அம்மா மடியில் தலைவைத்து வழிநெடுகத் தூங்கினாள். டயர் சாலையில் ஓடும் சீரான சத்தத்தைக் கேட்டுக்கொண்டே ஓட்டிய அவர், தொழுதூர் பக்கத்தில் தன்னை அறியாமல், “அந்தப் பொண்ணு நல்லா இருக்கணும்” என்று வாய்விட்டே சொன்னார். யாரு என்று கேட்டாள் சுப்புலட்சுமி. வீட்டில் போய்ச் சொல்கிறேன் என்றார்.

திங்கட்கிழமை ஷிப்ட் முடிந்து, வளைகாப்புப் பலகாரத்தைத் தூக்கில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். அங்கே ஒருவன் பேரம் பேசிக்கொண்டிருந்தான். ஆம்னி வேன் ஓட்டுகிற வெள்ளைச்சாமி. அவன் கண், மூலையில் கிடந்த குஞ்சிதபாதத்தின் மிச்ச மூன்று டயர் மேல் இருந்தது.

“அது என்னுது இல்லிங்க. தோ வராரே, சாருது. அவரு விக்க மாட்டாரு” என்றாள் பிரபாவதி.

வெள்ளைச்சாமி விடவில்லை. “அண்ணே, எங்க ஆம்னிக்கும் இதே அளவுதான். மீசகூட உதிரல. மூணுக்கும் ரெண்டாயிரத்தி ஐநூறு தரேன், இப்பவே.”

உண்மையைச் சொல்லவேண்டும். ஒரு நொடி மருதமுத்துவின் மனசு சபலப்பட்டது. குஞ்சிதபாதத்திடம் கொடுத்த பணத்தில் முக்கால்வாசி திரும்பி வந்துவிடும். கேட்டு வாங்குகிறவன் அவன்தானே?

“வேன்ல யாரு வருவாங்க தம்பி?”

“காண்ட்ராக்ட் வேலைக்குப் போற பொம்பளைங்கண்ணே. எட்டு பேரு. எங்க வூட்டுக்காரி தனபாக்கியமும் அதுலதான்.”

மருதமுத்து தூக்கை மேஜையில் வைத்தார். ரப்பர் அறுக்கிற கத்தியைக் கேட்டு வாங்கினார். முதல் டயரின் பக்கவாட்டில் குத்தி, இரண்டு கையாலும் இழுத்து அறுத்தார். இரண்டாவதையும் அறுத்தார்.

“யோவ், உனக்குப் பைத்தியமா? விக்கலன்னா விக்கலன்னு சொல்லு! எதுக்குய்யா நல்ல டயர அறுக்குற?” என்று கத்தினான் வெள்ளைச்சாமி.

மருதமுத்து கத்தியோடு நின்று எல்லாவற்றையும் சொன்னார். சுத்தியலால் தட்டிப் பெருமைப்பட்டது, இந்த அம்மாவை வாய்க்கு வந்தபடி பேசியது, மணல் மூட்டை கிழிந்தது, இப்போது மகள் வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்து முறுக்குச் சாப்பிடுவது. தன் மடத்தனத்தை ஒளிக்காமல் சொன்னார். மூன்றாவது டயர் அப்படியே கிடந்தது.

வெள்ளைச்சாமி கையை நீட்டிக் கத்தியை வாங்கினான். மூன்றாவது டயரை அவனே அறுத்தான்.

அறுத்துவிட்டு, ரோட்டோரம் நின்ற தன் வேனைத் திரும்பிப் பார்த்தான். “அதுல கீறது எந்த வருசத்துதுன்னு எனக்குத் தெரியாதே” என்றான்.

“சார் பாத்துச் சொல்லுவாரு. அவருக்குத் தெரியாத டயரா?” என்றாள் பிரபாவதி.

மருதமுத்து தலையை ஆட்டி மறுத்தார். “இல்ல தாயி. நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் பக்கத்துல நிக்கிறேன்.”