முட்டைக்குப் பின்னால் நிற்கிற ஆள்

ஹவ்கன் வீட்டில் கோடைக்காலம் என்றால் முட்டைதான். காரின் பின்கொக்கியில் மாட்டி இழுத்துப் போகிற, உருண்டு திரண்ட வெள்ளை டிரெய்லருக்குப் பிள்ளைகள் வைத்த பெயர் அது. உள்ளே ஒருவர் சட்டை மாற்ற வேண்டுமென்றால் மற்ற மூவரும் வெளியே போய் நிற்க வேண்டும். அடுப்பு இருக்கிறது, பாத்திரம் கழுவத் தொட்டி இருக்கிறது, பகலில் மேசையாகவும் ராத்திரியில் கட்டிலாகவும் மாறுகிற பலகை இருக்கிறது. மினசோட்டாவின் ஏரிக்கரைகளில் மாளிகை மாதிரி வண்டிகளோடு வந்து இறங்குகிறவர்களைப் பார்த்துப் பிள்ளைகளின் அம்மா லோர்னா ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அவர்கள் டிவி பார்க்க வருகிறார்கள், நாம் ஏரி பார்க்க வருகிறோம் என்பாள்.

இத்தனை வருஷமும் கணவன் ஓட்டுவான், அவள் பின்னால் நின்று கை காட்டுவாள். இந்த வருஷம் ஓட்டுகிறவள் அவள்தான். பனி உருகும் சமயத்தில் அவள் கணவன் வெர்லினுக்கு வலது கண்ணில் அறுவை சிகிச்சை நடந்தது. பார்வை பாதிதான் திரும்பியது. இனிமேல் டிரெய்லர் இழுக்கிற வேலை வேண்டாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே வெர்லின் ஒரு முடிவுக்கு வந்துவிட்டான். கூட வேலை பார்க்கிற கர்ட் ரொம்ப நாளாக முட்டை மேல் கண் வைத்திருந்தான். அவனுக்கே விற்றுவிடலாம்.

"இழுக்க ஆளில்லாத வீட்டுல எதுக்கு டிரெய்லரு?" என்றான்.

"நான் ஆளில்லையா?"

"நேரா யாரு வேணா ஓட்டலாம் லோர்னா. ரிவர்ஸ்லதான் விஷயமே இருக்கு."

லோர்னாவுக்குச் சுருக்கென்றது. "சரி. இந்தத் தடவை முகாம்ல நான் ரிவர்ஸ் எடுத்து நம்ம இடத்துக்குள்ள வைக்கிறேன். வச்சுட்டா விக்கக் கூடாது."

வெர்லின் சிரித்துக்கொண்டே தலையாட்டினான். அந்தச் சிரிப்புதான் அவளை வழியெல்லாம் குடைந்துகொண்டே வந்தது.

முகாமில் அவர்களுக்கு வழக்கமான இடம்தான் கிடைத்தது. இரண்டு பிர்ச் மரங்களுக்கு நடுவே, ஏரியைப் பார்த்தபடி. சாயங்கால வெயில் தண்ணீரில் கிடந்தது. மடக்கு நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லாரும் ஒரே சமயத்தில் செய்தித்தாளை விரித்தார்கள். அந்த ஊர் முகாம்களின் மரியாதை அது. புதிதாக வந்தவர் டிரெய்லரைப் பின்னுக்கு எடுக்கும்போது யாரும் பார்க்க மாட்டார்கள். ஆனால் ஒருத்தர் கண்ணுக்கும் எதுவும் தப்பாது.

நீளமான வண்டியைப் பின்னால் எடுப்பதுகூடச் சுலபம். முட்டை மாதிரிக் குட்டை வண்டி இருக்கிறதே, அதற்குப் பொறுமையே கிடையாது. ஸ்டீயரிங்கைத் தொட்டால் போதும், சண்டைக்காரப் பிள்ளை மாதிரி வெடுக்கென்று முகத்தைத் திருப்பிக்கொள்ளும். பின்னால் நின்று வெர்லின் கைகளை வீசினான். லோர்னா அவன் காட்டிய பக்கம் திருப்பினாள். முட்டை புதருக்குள் போனது. முன்னே வந்து மறுபடி எடுத்தாள். இந்தத் தடவை அந்த இடத்தில் போட்டிருந்த மர மேசையில் போய் இடித்தது.

"அம்மா, மேசை சாஞ்சிடுச்சு," என்றான் சின்னவன் சோரன், பரம சந்தோஷமாக.

பெரியவள் பிரிட்டா இருக்கைக்கு அடியில் இறங்கிக்கொண்டிருந்தாள். "எல்லாரும் பாக்கறாங்க. நான் நடந்தே வீட்டுக்குப் போறேன்."

"போற வழியில பால் வாங்கி வச்சிரு," என்று சொல்லிவிட்டு லோர்னா கதவைத் திறந்து இறங்கினாள். கர்ட்டின் வீட்டு வாசலில் முட்டை நிற்பது மனக்கண்ணில் தெரிந்தது.

"எந்தப் பக்கம்தான் கை காட்டற நீ?"

"டிரெய்லரோட வாலு போக வேண்டிய பக்கம்."

"ஸ்டீயரிங் திரும்ப வேண்டிய பக்கத்தையில்ல காட்டணும்? நான் இத்தனை வருஷமா அப்படித்தானே காட்டினேன்? உனக்கு மட்டும் எப்படிப் புரிஞ்சுது?"

வெர்லின் தொப்பியைக் கழற்றினான். மறுபடி போட்டுக்கொண்டான்.

"உன் கையை நான் பாத்ததே இல்ல."

"என்னது?"

"சைடு கண்ணாடில உன் மூஞ்சியத்தான் பாப்பேன். சரியாப் போனா சும்மா இருக்கும். கோணிச்சுன்னா கீழ் உதட்டைக் கடிப்ப. உடனே பிரேக்கு."

"மழையிலயும் கொசுக்கடியிலயும் நான் கை வீசினதெல்லாம்?"

"அது பாட்டுக்கு அது."

"சொல்லித் தொலைச்சிருக்கலாமே."

"சொன்னா கடிக்காம இருந்திருப்ப. அப்புறம் நான் எதைப் பாத்து ஓட்டறது?"

அவளுக்கு அவனை அடிக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொள்ளலாம் போலவும் இருந்தது. நாற்காலிகளில் செய்தித்தாள்கள் அசையாமல் இருந்தன. இரண்டையும் செய்யாமல் காரில் ஏறினாள்.

"கையை ரெண்டையும் பாக்கெட்டுல போடு," என்று ஜன்னல் வழியே சொன்னாள். "சும்மா நில்லு. கண்ணாடில தெரியற மாதிரி நில்லு."

ஹவ்கன் வீட்டு ஆண்களின் முகத்தில் எதையும் படித்துவிட முடியாது. கல்யாணத்தன்றுகூட அவன் முகம் பஸ்ஸுக்குக் காத்திருப்பவன் முகம் மாதிரிதான் இருந்தது. ஆனால் அவன் தோள்கள் வேறு. பயம் வந்தால் அவை காதுவரை ஏறிவிடும். ஆஸ்பத்திரியில் கண்ணுக்குப் போட்ட கட்டைப் பிரித்த நாளில் அப்படி ஏறியதை அவள் பார்த்திருக்கிறாள். இப்போது கண்ணாடியில் அந்தத் தோள்களைத்தான் பார்த்தாள். லேசாக ஏறின. ஸ்டீயரிங்கை ஒரு விரல் அகலம் மாற்றிப் பிடித்தாள். இறங்கின. கார் ஊர்ந்தது. மறுபடி ஏறின, மாற்றினாள், இறங்கின. இரண்டு பிர்ச் மரங்களும் இரண்டு பக்கமும் வந்து நின்றன. ஏரி நடுவில் இருந்தது.

எஞ்சினை அணைத்தாள். பிரிட்டா மெதுவாக இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். செய்தித்தாள்கள் மடிந்தன. பக்கத்து இடத்து அம்மாள் எலுமிச்சைக் கேக் துண்டுகளைத் தட்டில் அடுக்கி எடுத்துக்கொண்டு வந்தாள், எதையுமே பார்க்காதவள் மாதிரி.

வெர்லின் முட்டையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். சக்கரத்துக்கு அடியில் கட்டை வைத்தான். சாய்ந்த மேசையை நிமிர்த்தினான்.

"அவ்வளவு மோசமில்ல," என்றான்.

அந்த ஊரில் அதற்கு மேல் பாராட்டு கிடையாது. லோர்னாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கேக்கைக் கடித்துச் சமாளித்தாள்.

"கர்ட்டுக்கு என்ன சொல்லப் போற?"

"வீட்டுல இழுக்க ஆள் இருக்குன்னு சொல்றேன்." அவன் குரல் கொஞ்சம் தணிந்தது. கைகள் இன்னும் பாக்கெட்டிலேயே இருந்தன, அவற்றுக்கு இனி வேலையே இல்லை என்பது போல.

லோர்னா தட்டை அவனிடம் நீட்டினாள். "பின்னாடி நிக்கவும் ஆள் இருக்குன்னு சேத்துச் சொல்லு."

வெர்லின் ஒரு கையை வெளியே எடுத்து, இருப்பதிலேயே பெரிய துண்டாகப் பார்த்து எடுத்துக்கொண்டான்.