ஜன்னலோரப் பேச்சு

"மெதுவா பேசும்மா" என்று மகள் படியேறும்போதே சொல்லிவிட்டாள். "உன் குரலுக்கு அவங்க வீட்டுக் கண்ணாடியெல்லாம் விரிசல் விட்டுடப் போகுது." சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனாலும் அம்மாவுக்குச் சுருக்கென்றது.

நூற்பாலையில் காலந்தள்ளியவளுக்கு மெதுவான குரல் எங்கிருந்து வரும்? தெருவில் அவளுக்கு மைக்செட் என்றே பெயர். அதனால் மகளை விரும்பும் பையனின் வீட்டுக் கூடத்தில், சோபாவின் நுனியில் உட்கார்ந்தபடி, கேட்டதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டினாள். வழியில் கஷ்டமில்லையே என்று கேட்டாள் பையனின் அம்மா. தலையாட்டல். டீக்குச் சர்க்கரை போதுமா? அதற்கும் தலையாட்டல்தான்.

கொஞ்ச நேரத்தில் பையனின் அம்மா தன் அக்காவைக் கண்ணால் கூப்பிட்டுக்கொண்டு கூடத்தின் கோடியிலிருந்த ஜன்னலுக்குப் போனாள். பூந்தொட்டியைப் பார்ப்பதுபோல நின்று இருவரும் குசுகுசுத்தார்கள். விருந்தாளியை உட்கார வைத்துவிட்டுக் குசுகுசுப்பது என்ன மரியாதையோ தெரியவில்லை. அங்கே பேசுவது யார் காதிலும் விழாது என்று நினைத்திருப்பார்கள். விழவும் இல்லை.

ஆனால் மில் இரைச்சலில் காதுக்கு வேலையே கிடையாது. உதட்டைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடுவார்கள். அந்தக் கோடியில் ஒருத்தி மாமியாரைத் திட்டினால் இந்தக் கோடியில் சிரிப்பு வரும். அதனாலேயே அங்கே ஒரு கட்டுப்பாடு உண்டு. இரண்டு பேர் தனியாகப் பேசினால் மற்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும். திருப்பாதவளோடு யாரும் சேர்ந்து சாப்பிட மாட்டார்கள். மகளுக்கு இந்த வித்தையைப் பழக்கியபோது அதையும் சேர்த்தே பழக்கியிருந்தாள். மகள் இப்போதும் ஒழுங்காகக் கப்பைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

அம்மாவால்தான் இன்று திருப்ப முடியவில்லை.

"பொண்ணு தங்கம். அம்மாதான் முகம் குடுத்தே பேச மாட்டேங்கறாங்க. நம்மள பிடிக்கல போல" என்றன பையனின் அம்மாவுடைய உதடுகள்.

"அப்புறம் எதுக்குச் சம்பந்தம்? யோசிச்சுச் சொல்றோம்னு அனுப்பிடு" என்றாள் அக்கா.

தான் வாயை மூடிக்கொண்டதே மகள் வாழ்க்கைக்கு உலை வைத்துவிடும் போலிருக்கிறதே! அவர்கள் பேசியது தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவும் முடியாது. என்ன பேசுவதென்று யோசிப்பதற்குள் குரல் முந்திக்கொண்டது.

"அது என்ன செடி சம்பந்தி?"

அக்கா திடுக்கிட்டுத் திரும்பினாள். எதிர் நாற்காலியில் தூங்கி வழிந்துகொண்டிருந்த பையனின் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, எனக்கே கேட்டுடுச்சே!" என்றார்.

"ரோஜாதாங்க" என்றாள் பையனின் அம்மா, தடுமாறி.

"எங்க வீட்டுல வச்சா கருகிடுதுங்க! நீங்க என்ன உரம் போடறீங்க?"

"டீத்தூள்தான்…"

சகோதரிகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். உதடுகள் மறுபடி அசையத் தொடங்கின. இந்தத் தடவை அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஒருமுறை மீறியதே போதும் என்றிருந்தது.

திரும்பிய இடத்தில் மகள் இருந்தாள். அவள் கப்பைப் பார்க்கவில்லை. அவள் கண்கள் ஜன்னலிலேயே ஒட்டிக்கொண்டிருந்தன. பிறகு மெல்ல அம்மா பக்கம் வந்தன. வீட்டில் பேசிக்கொள்வதுபோலவே, ஓசையில்லாமல் அவள் உதடுகள் அசைந்தன.

பேசிட்டே இரும்மா.

அம்மா கையிலிருந்த கப்பைப் பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, வாயைத் திறந்தாள்.