பின்னால் வந்த விளக்கு

ராலிட்சா வாய் திறந்து பேசி பதினெட்டு மணி நேரம் ஆகிவிட்டது. கடைசியாகச் சொன்ன சொல் "சரி." அதுவும் நேற்று மாலை, பாதி வழி வரை இந்த வேலையைப் பார்த்தவரிடமிருந்து பையை வாங்கிக்கொண்டபோது.

ஸ்டாரா பிளானினா மலைமுகட்டில் நூற்று அறுபது கிலோமீட்டர் ஓட்டம். ஓடுபவர்களில் கடைசி ஆளுக்கும் பின்னால் வந்து, வழிக்கு அடையாளமாகக் கட்டிய சிவப்பு ரிப்பன்களை அவிழ்த்துப் பையில் போடுவது அவள் வேலை. அவள் கடந்துபோன பிறகு அங்கே ஓட்டம் நடந்ததற்கான தடமே இருக்காது. புல், காற்று, எங்கோ மேயும் குதிரைகள். அவ்வளவுதான்.

இந்த வேலையை அவளேதான் கேட்டு வாங்கினாள். இதற்கு ஒரே ஒரு விதி: கடைசி ஆளின் கண்ணில் படக் கூடாது. யாரோ துரத்துகிறார்கள் என்று தோன்றினால் களைத்த மனிதர்கள் உடைந்துபோவார்கள். கண்ணில் படாமல் இருப்பது ராலிட்சாவுக்குப் பள்ளி நாட்களிலிருந்தே கைவந்த கலை.

நேற்று மாலை வரை கடைசி ஆள் ப்ளோவ்டிவிலிருந்து வந்த ஒரு பையன். அவனுக்குச் சற்று முன்னால் வெலிச்கோ, ஐம்பத்தொன்பது வயது, ஒரு சின்ன ரயில் நிலையத்தின் மாஸ்டர். இதற்கு முன் மூன்று வருடம் ஓடி, மூன்று முறையும் நேரம் தவறி, கடைசி மலைவிடுதியில் சட்டையில் குத்திய நம்பரைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஜீப்பில் இறங்கியவர். இந்த முறை நண்பகல் பன்னிரண்டுக்குள் அந்த விடுதியைத் தொட்டுவிட்டால் போதும். அதன் பிறகு ஊர் வரைக்கும் இறக்கம்தான்.

நேற்று அவர் இடைவழி விடுதியில் பீன்ஸ் சூப் குடித்துவிட்டுக் கிளம்பும்போது ராலிட்சா, பின்னால் பையோடு வருபவருக்காகக் காத்து, மூலையில் உட்கார்ந்திருந்தாள்.

"இந்த வருஷமும் கடைசியா வந்துறாதீங்கண்ணே," என்றாள் விடுதிக்காரி ஸ்தாங்கா. "ஜீப்காரனுக்கு உங்க வீட்டு அட்ரஸே மனப்பாடம் ஆயிடுச்சு."

"எனக்குப் பின்னால ஒரு பையன் வர்றான். இந்தத் தடவ நான் கடைசி இல்ல. அவனுக்குக் கொஞ்சம் சூப் வை, எல்லாத்தையும் உன் புருஷனுக்கே ஊத்திடாத."

அவர் போய்க் கால் மணி நேரம் கழித்துப் பையன் வந்தான். சூப்பைக் குடித்தான், காலணியைக் கழற்றினான். மறுபடி மாட்டிக்கொள்ளவில்லை. "என்னால ஆகாதுக்கா," என்றான். ஸ்தாங்கா அவன் நம்பரை வாங்கிவைத்துவிட்டு, கீழே போகும் ஜீப்பில் அவனை ஏற்றினாள். பிறகு ராலிட்சா பக்கம் திரும்பினாள்.

"அப்போ வெலிச்கோதான் கடைசி. பாத்துப் போ. நீயும் ஒரு வார்த்த பேசேன்டி. உன்னப் பேசவெக்கக் கரடிதான் வரணும் போல."

ராலிட்சா சிரித்துவிட்டுக் காலணி நாடாவை இறுக்கினாள்.

இருட்டிய பிறகு, முகட்டில் ஏறும்போது, முன்னால் தூரத்தில் ஒரு விளக்கு நின்றது. அவர் திரும்பிப் பார்க்கிறார். அவள் உடனே தன் தலைவிளக்கை அணைத்திருக்க வேண்டும். அணைக்கவில்லை. அந்த விளக்கு மூன்று முறை மேலும் கீழும் ஆடியது, நல்லா இருக்கியா என்று கேட்பதுபோல. ராலிட்சாவும் மூன்று முறை தலையை ஆட்டினாள்.

இரவு முழுக்க அப்படியே போனது. ஒவ்வொரு மேட்டின் உச்சியிலும் அவர் நின்றார், திரும்பினார், விளக்கை ஆட்டினார். பதில் வந்ததும் நடந்தார். அவர் கேட்டதெல்லாம் அந்தப் பையனை என்று அவளுக்குத் தெரியும். ஆனால் சோஃபியாவில், ஆய்வகத்திலிருந்து வாடகை அறைக்குப் போகும் வழியில், அவள் வருகிறாளா என்று யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அடுத்த மேடு எப்போது வரும் என்று அவள் காத்திருக்க ஆரம்பித்தாள்.

விடிந்தபோது மூடுபனி இறங்கியது. எதிரில் இருக்கும் வழிக்கம்பம்கூடத் தெரியவில்லை. பத்தே முக்காலுக்கு ஊற்றருகே ஒரு ரிப்பனை அவிழ்த்துவிட்டு நிமிர்ந்தவள் நின்றுவிட்டாள். நாலடி தள்ளி, கல்லின் மேல், வெலிச்கோ உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் காகிதத்தில் பாலாடைக்கட்டி வைத்த பனிட்சா அப்பம் பாதி, யாருக்கோ எடுத்துவைத்த மாதிரி.

"வாடா தம்பி, எவ்வளவு நேரமாக் காத்துக்கிட்டு..." என்றவர் அவளைப் பார்த்தார். பையிலிருந்து பிதுங்கிய ரிப்பன்களைப் பார்த்தார்.

"நீ ஸ்தாங்கா விடுதில இருந்த பொண்ணுல்ல? அவன் எங்க?"

அவள் கையிலிருந்த ரிப்பனைப் பைக்குள் திணித்தாள்.

"நீ அவனுக்குப் பின்னாலதானம்மா வரணும். வழியில யாரையாவது தாண்டி வந்தியா?"

இல்லை என்று தலையசைத்தாள். அவர் முகம் வெளுத்தது.

"அப்போ வழி தவறிப் பாறப் பக்கம் இறங்கிட்டான். விடியக்காலம் வரைக்கும் விளக்கக் காட்டினானே, நான் பாத்தேனே." கம்பை ஊன்றி எழுந்தார். "நீ விடுதிக்குப் போய்ச் சொல்லு. நான் மேல போய்ப் பாக்கறேன்."

விடுதி இன்னும் ஐந்து கிலோமீட்டர். இப்போதே புறப்பட்டால்தான் பன்னிரண்டுக்குள் தொட முடியும். அவள் வழியை மறித்து நின்றாள்.

"என்ன நிக்கிற? முப்பத்தாறு வருஷமா, கடைசிப் பெட்டி விளக்கப் பாக்காம நான் கொடிய மடக்கினதில்ல. எஞ்சின் போயிடுச்சுன்னு டீ குடிக்கப் போறவன் நான் இல்ல. அந்த விளக்கு வந்தாத்தான் வண்டி முழுசா வந்துச்சுன்னு அர்த்தம். தள்ளு."

அவளைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறினார். அந்தப் பக்கம் இப்போது ஒரு ரிப்பன்கூடக் கிடையாது, எல்லாம் அவள் பையில். பத்தடியில் அவர் முதுகு வெள்ளையாகக் கரைந்தது. அவள் வாயைத் திறந்தாள். இருமல்தான் வந்தது. ஓடிப்போய் அவர் பைப்பட்டையைப் பிடித்தாள்.

"விடும்மா. நேரமில்ல. நீ என்ன ஊமையா?"

"அவன் நேத்தே ஜீப்ல இறங்கிட்டான்." குரல் கரகரவென்று, வேறு யாருடையதோ போல இருந்தது.

"அப்போ அந்த விளக்கு?"

"அது நான். ராத்திரி முழுக்க நான்தான் ஆட்டினேன். பின்னால யாரும் இல்ல. நீங்கதான் கடைசி."