பதின்மூன்று வயது விமானம்

தாண்டவராயனுக்குப் பழைய பொருள் என்றாலே ஆகாது. கடலூர் மஞ்சக்குப்பத்தில் மிக்சி, கிரைண்டர், பீரோ விற்கும் கடை அவருடையது. வீட்டிலும் எதற்கும் உறையைப் பிரிக்க விடமாட்டார். சோபாவிலிருந்து எழுந்தால் பிளாஸ்டிக் உறையும் கூடவே எழுந்து வரும். ரிமோட்டுக்கு உறை, டெலிபோனுக்கு உறை, வேன் வாங்கி நாலு வருஷமாகியும் சீட்டுகளுக்குக் கம்பெனி போட்டுக் கொடுத்த அதே உறை. அவருடைய ஒரே மகள் மோனிகாவைக் கட்டிய சிவசங்கர், மாமனார் வீட்டுக்கு வேட்டி கட்டிப் போவதை நிறுத்தியே விட்டான். அந்த சோபாவில் வேட்டியோடு நிலையாக உட்கார முடியவில்லை.

சிவசங்கருக்குச் சொந்த ஊர் சிதம்பரம். சென்னையில் புதிதாகத் தொடங்கிய ஒரு சின்ன விமானக் கம்பெனியில் இன்ஜினியர். 2007 தலைதீபாவளிக்குக் கடலூர் வந்திருந்தபோது, கம்பெனிக்கு ஒரு விமானம் எடுத்துவர ஜகார்த்தா போகப்போவதாகச் சொன்னான்.

"புதுசுதானே மாப்ள?" என்றார் தாண்டவராயன்.

சிவசங்கரின் வாயில் அப்போது பாதி அதிரசம். தலையை ஒரு மாதிரி ஆட்டினான். ஆமாம் என்றும் கொள்ளலாம், இல்லை என்றும் கொள்ளலாம். மாமனார் ஆமாம் என்று கொண்டார். அதிரசத்தை விழுங்கி முடிப்பதற்குள் அவர் வாசலுக்குப் போய்ப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்லியாகிவிட்டது. அதற்குமேல் மறுக்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

ஜகார்த்தாவில் நின்றது பதின்மூன்று வருஷம் பறந்த விமானம். இரண்டு நாட்டுக் கம்பெனிகள் ஓட்டி முடித்தது. இருக்கைக் கைப்பிடிகளில் சிகரெட் சாம்பல் கிண்ணங்கள்கூட இருந்தன. சிகரெட்டுக்குத் தடை வருவதற்கு முந்தைய காலத்து வண்டி. அதைச் சும்மா பார்த்துவிட்டு ஓட்டிவந்துவிட முடியாது. இருக்கைகளை எல்லாம் கழற்றி வெளியே அடுக்கினார்கள். தரைப் பலகைகளைப் பெயர்த்தார்கள். இன்ஜினுக்குள் கேமராவை நுழைத்து ஒவ்வொரு விசிறி இறக்கையாகப் பார்த்தார்கள். சிவசங்கர் டார்ச்சும் கையுமாக வயிற்றால் ஊர்ந்துகொண்டே இருந்தான்.

அப்படி ஊர்ந்தபோதுதான் பின்பக்கச் சமையல் அறைக்குக் கீழே அதைக் கண்டான். மேலே பதின்மூன்று வருஷமாகச் சிந்திய காப்பியும் ஜூஸும் இடுக்கு வழியாக இறங்கி, தரையைத் தாங்கும் குறுக்குச் சட்டம் ஒன்றை அரித்திருந்தன. விரலால் தடவினால் வெள்ளை வெள்ளையாகப் பொடி உதிர்ந்தது.

சென்னையிலிருந்து மேலதிகாரி போன் செய்தார். டிக்கெட் விற்றாகிவிட்டது, இந்த வாரம் விமானம் வந்தாக வேண்டும், எல்லாம் சரியாக இருக்கிறதென்று கையெழுத்தைப் போடு, மிச்சத்தை இங்கே வந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார். சிவசங்கருக்கு வேலையில் சேர்ந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "சட்டத்த மாத்தாம போடமாட்டேன் சார்" என்று சொல்லிவிட்டு, சொன்னது தானா என்று அவனே ஆச்சரியப்பட்டான். மேலதிகாரி கத்தினார், மறுநாளும் கத்தினார். கடைசியில் புதுச் சட்டம் வந்தது, பொருத்தினார்கள், அவன் கையெழுத்துப் போட்டான். சென்னையில் விமானம் இறங்கியபோது உள்ளே உட்கார்ந்திருந்த அவனுக்கு, தானே அதைத் தோளில் தூக்கிவந்தது போல இருந்தது.

சொந்தக்காரர்களிடம் சொல்லிப் பெருமைப்பட அவன் வாழ்க்கையில் நடந்த ஒரே காரியம் அதுதான். ஆனால் புத்தம் புது விமானத்தில் அரித்துப்போன சட்டம் எங்கிருந்து வரும்?

பொங்கலுக்குக் கடலூரில் பஸ்ஸை விட்டு இறங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். எதிரே ஒரு ஃப்ளெக்ஸ் பேனர். 'புத்தம் புதிய விமானத்துடன் தாயகம் திரும்பும் எங்கள் மருமகனே, வருக!' அதில் இருந்தது நாலு இன்ஜின் ஜம்போ விமானம். இவர்களுடையதற்கு இரண்டுதான். விமானத்தைவிட மாமனார் படம் பெரிதாக இருந்தது.

"நாளைக்கு சிதம்பரத்துல வணிகர் சங்கத்துப் பொங்கல் விழால ஒங்களுக்குப் பொன்னாடை போடறாங்களாம். அப்பா ஏற்பாடு. கேபிள் டிவிலேர்ந்து வேற வராங்க" என்றாள், அவனுக்கு முன்பே ஊருக்கு வந்திருந்த மோனிகா. அவளுக்கு உண்மை தெரியும். "நீங்க சொல்றீங்களா, நான் சொல்லட்டுமா?"

"நானே சொல்லிடறேன்."

மறுநாள் வேனில் கிளம்பினார்கள். ஓட்டியது கடை டிரைவர் அய்யனார். பின்சீட்டு உறையில் சிவசங்கர் ஒவ்வொரு வளைவுக்கும் வழுக்கினான். ஆலப்பாக்கம் தாண்டியதும் கரும்பு ஏற்றிய டிராக்டர் ஒன்று சாய்ந்து ரோட்டை அடைத்திருந்தது. வண்டி நின்றது. மோனிகா அவன் விலாவில் முழங்கையால் ஒரு இடி இடித்தாள்.

"மாமா, அந்த பிளேன் புதுசு இல்ல."

தாண்டவராயன் முன்சீட்டிலிருந்து மெல்லத் திரும்பினார். "என்னா மாப்ள சொல்றீங்க?"

"பதிமூணு வருஷம் ஓடினது மாமா."

"ஓடினதா." கொஞ்ச நேரம் கரும்பையே பார்த்தார். "யாரு வச்சிருந்தது?"

"மொதல்ல ஸ்பெயின்ல ஒரு கம்பெனி. அப்புறம் இந்தோனேசியாவுல."

"அவுங்க ஏன் வித்தாங்க?"

"விக்கல மாமா. அவுங்களே வாடகைக்குத்தான் எடுத்திருந்தாங்க. வாடக முடிஞ்சிது, திருப்பிக் குடுத்துட்டாங்க. பிளேனுக்கு ஓனரு அயர்லாந்துல இருக்காரு."

"அப்ப அந்த ஓனருகிட்டேர்ந்து நீங்க வாங்கிட்டீங்க."

"நாங்களும் வாடகைக்குத்தான் மாமா."

"வாங்கவே இல்லியா?"

டிராக்டரை ஒதுக்கி வழிவிட்டார்கள். பின்னால் பஸ்காரர்கள் ஹாரன் அடித்தார்கள். வேன் நகரவில்லை; அய்யனாரும் இங்கேதான் காதைக் கொடுத்திருந்தான்.

"நீ ஓட்டுய்யா" என்றார் தாண்டவராயன். புதுச்சத்திரம் வரை அவர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் போட்டார். பிறகு தனக்குத்தானே சொல்வது போல, "எங்க காட்டுமன்னார்கோயில் நெலமெல்லாம் குத்தகதான். இவுரு நெலத்துல அவுரு பயிர் வைப்பாரு" என்றார். "சரி. பழசுன்னா, நடுவானத்துல நின்னுகின்னு போயிடாதா?"

அப்போதுதான் சிவசங்கர் பேச ஆரம்பித்தான். இருக்கை கழற்றியது, கேமரா விட்டது, வயிற்றால் ஊர்ந்தது, காப்பி அரித்த சட்டம், மேலதிகாரி கத்தியது எல்லாவற்றையும் கொட்டினான். தாண்டவராயன் முழுசாகத் திரும்பி, சீட்டின்மேல் முழங்கால் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"வேல போயிருந்தா?"

"போயிருக்கும் மாமா."

"அப்பவும் போடலியா?"

"மோனிகா ஏறப்போற பிளேன் மாமா. எப்படிப் போடறது?"

தாண்டவராயன் மகளைப் பார்த்தார். மோனிகா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவர் மேல்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். வேர்வை ஜாஸ்தி என்றார். தை மாதக் காற்று சில்லென்று அடித்துக்கொண்டிருந்தது.

சிதம்பரம் மேலவீதி மண்டபத்தில் நல்ல கூட்டம். மாப்பிள்ளையைப் பேச அழைத்தார்கள். சிவசங்கர் எழுவதற்குள் தாண்டவராயன் மைக்கைப் பிடித்துவிட்டார். கேபிள் டிவி கேமரா அவர் பக்கம் திரும்பியது.

"எல்லாருக்கும் வணக்கம். எம் மாப்ள புது பிளேன் கொண்டாந்தாருன்னு பேனர் வச்சேன். தப்பு. பிளேன் பழசு."

சிவசங்கருக்கு மேடையிலிருந்து குதித்து ஓடிவிடலாமா என்றிருந்தது.

"புதுச யார் வேணா கொண்டாரலாம். காசு குடுத்தா பெட்டில போட்டுத் தருவான், நானே தருவேன். பழச எடுக்கறதுக்குத்தான் ஆள் வேணும். எம் மாப்ள அந்த பிளேன் வயித்துக்குள்ள கேமராவ உட்டுப் பாத்தாரு. போன மாசம் பாண்டிச்சேரில எனக்குப் பாத்தாங்களே, அதே மாதிரி. எனக்கு அல்சரு, அதுக்குக் காப்பிக் கறை." கேமரா விட்டது ஒரு இடம், கறை இருந்தது வேறு இடம். சிவசங்கர் திருத்தவில்லை. "முதலாளி கையெழுத்துப் போடுன்னாரு. இவுரு முடியாதுன்னுட்டாரு. வேலையே போனாலும் போவட்டும்னு நின்னாரு. பொன்னாட அதுக்குத்தான். போடுங்க."

கைதட்டல் அடங்குவதற்குள் கேள்விகள் கிளம்பின. லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் கொடுக்கும்? ஸ்டெப்னி உண்டா? ஜவுளிக்கடை லோகநாயகி எழுந்து நின்றார்.

"தாண்டவராயன் அண்ணே, இனிமேலாவது ஒங்க கடைல எக்ஸ்சேஞ்சுக்குப் பழைய கிரைண்டர் எடுத்துக்குவீங்களா?"

கூட்டம் சிரித்தது. தாண்டவராயன் யோசித்தார். "மாப்ள வந்து செக் பண்ணிக் குடுத்தா எடுத்துக்கறேன்" என்றார்.

விழா முடிந்ததும் சன்னதி பக்கத்து ஓட்டலில் இட்லியும் கொத்சும் சாப்பிட உட்கார்ந்தார்கள். சிவசங்கர் பொன்னாடையைக் கழற்றவே இல்லை. கொத்சு படாமல் இருக்க மோனிகா அதன் நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். பல நாளைக்குப் பிறகு அவனுக்கு நன்றாகப் பசித்தது.

"அடுத்தது எப்ப மாப்ள?" என்றார் தாண்டவராயன்.

"சித்திரைல ஒண்ணு வருது மாமா. துருக்கிலேர்ந்து."

"என்னா வயசு?"

"பதினொண்ணு."

"சின்ன வயசுதான்" என்றார் அவர் திருப்தியாக. பிறகு சர்வரைக் கூப்பிட்டு, மாப்பிள்ளை இலைக்கு இன்னும் இரண்டு இட்லி வைக்கச் சொன்னார்.