ஒரு மாத நிம்மதி

தங்கையின் பிரசவத்துக்குப் போய் ஒரு மாதம் கழித்துத் திரும்பிய பெண்டாட்டியிடம் சொல்ல எத்தனையோ வார்த்தைகள் இருக்கின்றன. "நான் இல்லாம எப்படி இருந்தீங்க?" என்று ஆசையாகக் கேட்டேன். என் வீட்டுக்காரர் பொறுக்கி எடுத்துச் சொன்னது:

"நிம்மதியா இருந்தேன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் லிஃப்ட் மெக்கானிக். சத்தம் வராவிட்டால் அவருக்கு எல்லாமே நிம்மதிதான். ஆனால் என்னிடமா இந்தக் கதை? வாட்டர் ஹீட்டர் கம்பெனியின் புகார் பிரிவில் இருப்பவள் நான். போனில் கத்துகிறவருக்கு இருப்பது மனக்குறையா, எரிச்சலா, கொதிப்பா என்று பிரிப்பதே என் பிழைப்பு. போதாததற்கு, "காத்திருங்கள், உங்கள் மனக்குறை எங்களுக்கு முக்கியம்" என்று தேனொழுகச் சொல்லும் பதிவுக் குரலும் என்னுடையதே. நான் லீவில் இருந்தபோது ஏதோ ஒரு கிறுக்கன் தினமும் கூப்பிட்டு, ஆள் எடுத்ததும் வைத்துவிடுகிறான் என்று கூட வேலை செய்கிறவள் புலம்பினாள். விளங்காதவன் என்று நானும் சேர்ந்து திட்டினேன்.

இன்னும் பிரிக்காத பையைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

"எங்க கிளம்பிட்ட?"

"தங்கச்சி வீட்டுக்கு. நீங்க நிம்மதியா இருங்க."

பதறிப்போய்க் குறுக்கே வந்து நின்றார். "ஐயையோ, வருத்தமா இருந்தேன்னு வச்சுக்கோயேன்."

"வருத்தம் எங்க கம்பெனி தெரிவிக்கிறது, ஹீட்டர் லேட்டா வந்தா."

"சரி, துக்கமா இருந்தேன்."

"நான் என்ன செத்தா போயிட்டேன்?"

"கவலையா?"

"அது கேஸ் தீர்ந்தா வரும்."

"சோகம்?"

"தாடி எங்க?"

மொழுமொழுவென்றிருந்த கன்னத்தைத் தடவிக்கொண்டார். ஒரு மாதம் இந்த மனுஷன் என்னை ஒரு தடவைகூடத் தேடவில்லையா?

"எனக்கு வார்த்தையெல்லாம் வராதும்மா," என்றார். "பச்சைக் குழந்தை வீடு, எப்பப் பார்த்தாலும் போன் பண்ணா நல்லாவா இருக்கும்? உன் ஆபீஸுக்குப் பண்ணுவேன். காத்திருங்கள்னு நீ சொல்லுவ. காத்திருப்பேன். மறுபடியும் சொல்லுவ. யாராவது எடுத்துத் தொலைச்சா வச்சிடுவேன். அதுக்கப்புறம்தான் கொஞ்சம் நிம்மதியா தூங்குவேன்."

அந்தக் கிறுக்கன் இவர்தானா!

"அதுக்குப் பேரு என்ன, நீயே சொல்லேன்," என்றார்.

எங்கள் பிரிவில் அதற்கு ஒரு பெயரும் கிடையாது. பையைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கும் போன் பண்ணுங்க," என்றேன். "நான் எடுத்தா வச்சிடாதீங்க."